பைப்பரின் சேர்த்த குர்குமின் கேப்சூல்: முழங்காலுக்கு வாங்கலாம், எதிர்ப்பு சக்திக்கு வேண்டாம்

முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் வரும் வலிக்காக நான் சில மாதங்களாக எடுத்துவரும் குர்குமின் கேப்சூலைப் பற்றிய மதிப்புரை இது. தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே சேர்மானத்தில், ஏறக்குறைய இதே வாசகங்களோடு பல நிறுவனங்களின் புட்டிகள் விற்பனையில் இருப்பதால், இங்கே சொல்லும் நிறைகுறைகள் பெரும்பாலும் அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரு கேப்சூலில் 500 மில்லிகிராம் மஞ்சள் கிழங்குச் சாறு, அதில் 95 சதவீதம் குர்குமினாய்டுகள் (குர்குமினும் அதன் நெருங்கிய இனச் சேர்மங்களும்), கூடவே மிளகிலிருந்து பிரித்தெடுத்த பைப்பரின் 5 மில்லிகிராம்; காலையும் இரவும் உணவுக்குப் பின் ஒவ்வொன்று என்று லேபிள் சொல்கிறது. அதற்குக் கீழே, மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக, 'அழற்சியைத் தணிக்கும், நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று ஒரு வரி அச்சாகியிருக்கிறது. இந்த மதிப்புரை இவ்வளவு நீண்டதற்குக் காரணம் அந்த வரிதான்.

முதலில் பொருளின் தரம். கேப்சூல் ஒன்றைப் பிரித்து உள்ளே இருக்கும் தூளை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். அடர்ந்த ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம். விரலால் தேய்த்தால் மாவுபோல் மென்மை. ஒட்டிய நிறம் எளிதில் போகவில்லை. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டபோது பெரும்பகுதி மேலேயே மிதந்தது, கலக்கிய பிறகும் துகள்களாகவே சுற்றிக்கொண்டிருந்தது. எண்ணெயில் போட்டது சற்று நேரத்தில் நிறம் விட்டுக் கரையத் தொடங்கியது. சோப்புக் கரைசல் பட்ட இடம் செங்கபில நிறமாக மாறியது. குர்குமினுக்கு உரிய குணங்கள் இவை: நீரில் கரையாது, கொழுப்பில் கரையும், காரத்தன்மை பட்டால் சிவக்கும், அதோடு சிதையவும் தொடங்கும். வீட்டில் செய்யும் இந்தச் சோதனை தூய்மையை நிரூபித்துவிடாது. ஆனால் நீரில் கரையாமை, காரத்தில் சிதைவு என்ற இந்த இரண்டு குணங்களும்தான், இந்தக் கேப்சூல் உடலுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிக்கின்றன. பின்னால் அதற்கு வருகிறேன்.

அளவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். காய்ந்த மஞ்சள் கிழங்கில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான் இருக்கிறது. ஆகவே 475 மில்லிகிராம் குர்குமினாய்டுகள் கொண்ட ஒரே கேப்சூல், எடையில் அதைப்போலப் பல மடங்கான கிழங்கின் சாரத்தை ஒரே விழுங்கில் உள்ளே தள்ளுகிறது. 'காலங்காலமாகப் பயன்படுத்திய மூலிகைதானே' என்ற நிம்மதி கிழங்குக்குப் பொருந்தலாம். செறிவூட்டிய சாற்றுக்கு அதை அப்படியே நீட்டிக்கொள்ள முடியாது. குர்குமினை உணவு நிறமியாகப் பயன்படுத்துவதற்கு, நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மில்லிகிராம் வரை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 180 மில்லிகிராம். இரண்டு கேப்சூலில் 950 மில்லிகிராம் இருக்கிறது. அந்த வரம்பு வாழ்நாள் முழுவதும் தினமும் உட்கொள்வதை மனத்தில் வைத்து வகுத்தது. மருத்துவ ஆய்வுகளில் இதைவிடக் கூடுதலாகவும் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் இந்த வேறுபாட்டை லேபிள் ஒரு வார்த்தையிலாவது சொல்லியிருக்கலாம்.

இனி அந்தப் பெரிய எழுத்து வரிக்கு வருவோம். அழற்சியும் நோய் எதிர்ப்பும் இரு வேறு சரக்குகள் அல்ல. காயம் பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிப்பது நோய் எதிர்ப்புச் செல்கள் தம் வேலையைச் செய்கின்றன என்பதன் அடையாளம். உதாரணமாக, மேக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கணுவை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியாவின் சுவரிலுள்ள ஒரு மூலக்கூறு அதன் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் வந்து பொருந்தியதும், செல்லுக்குள் ஒரு சமிக்ஞைத் தொடர் கிளம்புகிறது. ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986இல் அடையாளம் கண்ட என்.எஃப்.-கப்பா பி என்ற புரதம், அமைதியான வேளையில் ஒரு தடுப்புப் புரதத்தோடு பிணைந்து உட்கருவுக்கு வெளியே கிடக்கும். சமிக்ஞை வந்ததும் ஒரு நொதி அந்தத் தடுப்புப் புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டி, அது அழிக்கப்படுவதற்கு வழி செய்கிறது. விடுபட்ட புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-1 பீட்டா போன்ற சைட்டோகைன்களுக்கான, அதாவது எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்களுக்கான, மரபணுக்களை இயக்கிவிடுகிறது. வலியைத் தூண்டும் புரோஸ்டகிளாண்டினைத் தயாரிக்கும் காக்ஸ்-2 நொதியின் மரபணுவும் அதே கட்டளைக்குக் கீழ்ப்பட்டதுதான். வெளியான சைட்டோகைன்கள் ரத்தக் குழாயின் உட்சுவரை மாற்றி, நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை ரத்த அணுக்களை அந்த இடத்துக்கு வரவழைக்கின்றன.

குர்குமினைப் பற்றிய ஆய்வகக் கட்டுரைகளில் பெரும்பகுதி, இந்தத் தொடரில் அது எங்கே குறுக்கிடுகிறது என்பதைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது. தடுப்புப் புரதம் அழிவதைத் தாமதப்படுத்துகிறது, அதனால் என்.எஃப்.-கப்பா பி உட்கருவுக்குள் போவது குறைகிறது. சைட்டோகைன் சுரப்பும் குறைகிறது. இன்னொரு பாதையில், செல்லின் தற்காப்பு நொதிகளைக் கூட்டும் என்.ஆர்.எஃப்.-2 என்ற புரதத்தைத் தூண்டுகிறது. டி செல்கள் என்ற வகை எதிர்ப்புச் செல்களை வைத்துச் செய்த சோதனைகளில் இன்டர்லூகின்-2 என்ற சைட்டோகைனின் சுரப்பும், செல்கள் பெருகும் வேகமும் குறைந்திருக்கின்றன. இவை எல்லாமே எதிர்ப்புச் செல்களின் வேகத்தைத் தணிக்கும் திசையில் போகும் விளைவுகள் என்பதைக் கவனிக்கவேண்டும். அப்படியிருக்க, அதே கேப்சூல் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்றால் எந்தச் செல்லின் எந்த வேலையைக் கூட்டும்? தணிப்பது உண்மையானால் கூட்டுவது கேள்விக்குள்ளாகிறது. இரண்டையும் ஒரே வரியில் எழுதுபவர் இரண்டில் ஒன்றையாவது யோசிக்காமல் எழுதியிருக்கிறார் என்பது என் கருத்து. சளி, காய்ச்சல் வராமல் தடுக்கும் என்று நம்பி இதை வாங்குவோருக்கு இந்த வரி நியாயம் செய்யவில்லை.

அடுத்து, ஆய்வகத் தட்டில் நடந்தது உடலுக்குள் நடக்குமா என்ற கேள்வி. தட்டிலுள்ள செல்களுக்குப் பொதுவாக 10 முதல் 50 மைக்ரோமோலார் செறிவில் குர்குமினைக் கொடுக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டருக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 4 முதல் 18 மைக்ரோகிராம். மனித ரத்தத்தில் கிடைப்பது இதற்கு அருகில்கூட வருவதில்லை. குடலில் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சப்பட்டதையும் குடல் சுவரும் கல்லீரலும் உடனே குளுக்குரோனைடு, சல்பேட் என்ற எளிதில் வெளியேறும் வடிவங்களாக மாற்றி வெளியே அனுப்பிவிடுகின்றன. இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகத்தான் பைப்பரின் சேர்க்கப்படுகிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு, 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரினைக் கொடுத்தபோது அது உடலுக்குக் கிடைக்கும் அளவு 2000 சதவீதம் கூடியதாகக் காட்டியது. இந்தக் கேப்சூலின் பின்புறத்திலும் அந்த '2000 சதவீதம்' இடம்பெற்றிருக்கிறது. எண் சரியானதுதான். ஆனால் எதிலிருந்து கூடியது என்று பார்க்கவேண்டும். தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் குர்குமின் கண்டறியவே முடியாத அளவிலோ மிகக் குறைவாகவோ இருந்தது. பைப்பரினோடு கொடுத்த பிறகும் உச்ச அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 மைக்ரோகிராமை எட்டவில்லை, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் வந்து இறங்கிவிட்டது. தட்டில் வேலை செய்த செறிவில் இது சில சதவீதம்தான்.

இந்தத் தயாரிப்பில் குர்குமினுக்கும் பைப்பரினுக்குமான விகிதம் அந்த ஆய்வில் இருந்ததைப் போலவே நூற்றுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் குடலிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகளைத் தடுப்பது பைப்பரினின் மொத்த அளவுதானே தவிர விகிதம் அல்ல. ஒரு வேளைக்கு 5 மில்லிகிராம், அந்த ஆய்வில் கொடுத்ததில் நான்கில் ஒரு பங்கு. ஆகவே 2000 சதவீதம் என்ற எண்ணை இந்தக் கேப்சூலின் மேல் அச்சிடும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகமே.

தட்டுச் சோதனைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. மருந்து வேதியியலாளர்கள் சிலர் 2017இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு, குர்குமின் பல வகைச் சோதனைகளில் பொய்யான வெற்றியைக் காட்டும் மூலக்கூறு என்று எச்சரித்தது. அது தானாகவே ஒளிர்கிறது, உலோக அயனிகளோடு பிணைகிறது, புரதங்களோடு கண்மூடித்தனமாக வினைபுரிகிறது, நடுநிலைக் கரைசலில் நிமிடக் கணக்கில் சிதைந்துபோகிறது. ஆகவே ஒரு சோதனையில் காணப்பட்ட விளைவு குர்குமினால் வந்ததா, அதன் சிதைவுப் பொருளால் வந்ததா, அளவிடும் முறையின் குளறுபடியால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். லேபிளில் 'நூற்றுக்கணக்கான ஆய்வுகள்' என்று எழுதும்போது இந்தத் தகவலையும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் இந்தப் புட்டியைத் தூக்கி எறியவில்லை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் சில மதிக்கத்தக்கவை. தாய்லாந்தில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 367 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறும், இன்னொரு குழுவுக்கு 1200 மில்லிகிராம் இபுபுரூஃபென் என்ற வலி நிவாரணியும் 4 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. வலியிலும் நடமாட்டத்திலும் மஞ்சள் சாறு இபுபுரூஃபெனுக்குப் பின்தங்கவில்லை. வயிற்று வலி, வயிற்று அசௌகரியம் பற்றிய புகார்கள் சாறு எடுத்தவர்களிடம் குறைவாக இருந்தன. மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்த மூன்றாவது குழு இல்லாதது அந்த ஆய்வின் பெரிய குறை. மூட்டு வலி தானாகவே ஏறி இறங்கக்கூடியது. ஆனாலும் வலி மாத்திரையால் வயிறு புண்ணாகிறவர்களுக்கு இது பொருட்படுத்தவேண்டிய முடிவு.

எனக்கு மிகவும் ஆர்வமூட்டியது ஜப்பானில் நடந்து 2006இல் வெளியான இன்னொரு ஆய்வு. பெருங்குடல் புண் அழற்சி தணிந்த நிலையில் இருந்தவர்களுக்கு, வழக்கமான மருந்தோடு காலையும் மாலையும் 1 கிராம் குர்குமினோ வெற்று மாத்திரையோ 6 மாதம் கொடுத்தார்கள். குர்குமின் எடுத்த 43 பேரில் 2 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்த 39 பேரில் 8 பேருக்கும் நோய் திரும்பியது. சிறிய ஆய்வுதான். ஆனால் இந்த முடிவுக்குக் காரணம் யோசித்துப் பார்த்தால் புரிகிறது. ரத்தத்தில் சேராமல் போவது மூட்டுக்குப் பாதகம். குடலுக்கோ அதுவே சாதகம். உறிஞ்சப்படாத குர்குமின் முழுச் செறிவில், அழற்சி இருக்கும் குடல் சுவரைத் தொட்டபடி கடந்துபோகிறது. நோய் எதிர்ப்புச் செல்களில் பெரும் பங்கு குடல் சுவரில்தான் குடியிருக்கிறது. ஒரு தாவரச் சேர்மம் வேலை செய்யுமா என்று கேட்பதற்கு முன், அது எந்தத் திசுவை எந்தச் செறிவில் எட்டும் என்று கேட்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

என் அனுபவத்தில், தொடங்கிய உடனே எந்த மாற்றமும் தெரியவில்லை. சில வாரங்கள் கழிந்த பிறகு, படி இறங்கும்போது முழங்காலின் உட்புறத்தில் வரும் குத்தல் குறைந்தது. நீண்ட நேரம் உட்கார்ந்து எழும்போது வரும் இறுக்கம் அப்படியே இருக்கிறது. வலி மாத்திரை தேடும் நாட்கள் குறைந்திருக்கின்றன. இதே காலத்தில் தொடைத் தசைக்கான பயிற்சிகளையும் விடாமல் செய்துவந்தேன் என்பதால், எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. வெறும் வயிற்றில் எடுத்தால் நெஞ்செரிச்சல் வருகிறது. கொழுப்புள்ள உணவுக்குப் பிறகு எடுத்தால் வருவதில்லை, உறிஞ்சப்படுவதற்கும் அதுவே ஏற்றது.

தாவரச் சேர்மம் என்றாலே மென்மையானது, மருந்து என்றாலே கடுமையானது என்ற எண்ணத்தை இத்தகைய புட்டிகள் வளர்ப்பது எனக்கு உவப்பாக இல்லை. இலையுதிர்கால குரோக்கஸ் செடியிலிருந்து வரும் கோல்ச்சிசினும் தாவரச் சேர்மம்தான். அது செல்லின் உட்சட்டகத்தைக் கட்டும் டியூபுலின் புரதத்தோடு பிணைந்து, நியூட்ரோஃபில்கள் நகர்வதையே முடக்குகிறது. இன்டர்லூகின்-1 பீட்டாவை முதிரச் செய்யும் அழற்சிக் கூட்டமைப்பையும் தடுக்கிறது. கீல்வாதமான கவுட்டுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்ட அந்தச் சேர்மத்தை, நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் என்ற சிறு அளவில், இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு போன்ற நிகழ்வுகளின் ஆபத்தைக் குறைக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் அனுமதித்தது. அளவு மிஞ்சினால் உயிரைப் பறிக்கும் நஞ்சும் அதுவே. அரை மில்லிகிராமில் அத்தனை தெளிவான விளைவைத் தரும் கோல்ச்சிசினை, கிட்டத்தட்ட ஒரு கிராம் விழுங்கியும் விளைவு மங்கலாகவே தெரியும் குர்குமினோடு ஒரே 'இயற்கை' என்ற சொல்லுக்குள் அடைப்பதால் வாங்குபவருக்கு எந்தப் பயனும் இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் இந்த லேபிளின் மௌனம் வருத்தம் தருகிறது. பைப்பரின் தடுக்கும் நொதிகள் குர்குமினை மட்டும் சிதைப்பவை அல்ல. வேறு பல மருந்துகளையும் வெளியேற்றுபவை. ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் ரத்த அளவு பைப்பரினால் உயர்வது மனிதர்களிடமே காட்டப்பட்டிருக்கிறது. வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவருக்கு அது சிறிய விஷயம் அல்ல. வார்ஃபரின் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. கல்லீரல் பாதிப்பு அரிதானது, ஆனால் உண்மையானது. மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க ஆய்வு வலையமைப்பு, மஞ்சள் துணை உணவுகளோடு தொடர்புடைய 10 பேரின் விவரத்தை 2022இல் வெளியிட்டது. அவர்களில் 7 பேரிடம் எச்.எல்.ஏ.-பி 35:01 என்ற மரபணு வகை இருந்தது, ஒருவர் இறந்தார். எச்.எல்.ஏ. என்பது டி செல்களுக்கு அந்நியப் பொருளை எடுத்துக்காட்டும் மூலக்கூறு. அதாவது அழற்சியைத் தணிக்க எடுத்த பொருளே, குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களின் எதிர்ப்புச் செல்களைத் தம் சொந்தக் கல்லீரலுக்கு எதிராகத் திருப்பியிருக்க வாய்ப்புண்டு. ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023இல் இதைப் பற்றியே எச்சரிக்கை வெளியிட்டது. இந்தப் புட்டியில் 'கர்ப்பிணிகள் மருத்துவரை அணுகவும்' என்பதைத் தவிர வேறு எச்சரிக்கை இல்லை.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை ஒரு விஷயத்தில் பாராட்டவேண்டும். என் புட்டியின் பேட்ச் எண்ணைக் கொடுத்துப் பகுப்பாய்வுச் சான்றிதழ் கேட்டேன், தாமதமில்லாமல் அனுப்பினார்கள். ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம், எஞ்சிய கரைப்பான், நுண்ணுயிர் அளவு எல்லாம் அதில் இருந்தன. நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலப்படம் செய்யப்படக்கூடிய பொருள் என்பதால் ஈயத்தின் அளவைத் தெரிந்துகொள்வது முக்கியம். குர்குமின், டிமெத்தாக்ஸிகுர்குமின், பிஸ்டிமெத்தாக்ஸிகுர்குமின் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் காட்டாமல் மொத்தமாக 95 சதவீதம் என்று மட்டும் இருந்தது. இயற்கைச் சாற்றில் மூன்றும் ஒரு வழக்கமான விகிதத்தில் வரும். செயற்கையாகத் தயாரித்த குர்குமினில் அந்த விகிதம் இருக்காது. தனித்தனி அளவைக் கேட்டு மீண்டும் எழுதினேன். வந்த பதிலில் 'எங்கள் தயாரிப்பு நூறு சதவீதம் இயற்கையானது' என்ற வாசகம் மட்டுமே இருந்தது. அதே கடிதத்தில் நான் கேட்டிருந்த மருந்து இடைவினை பற்றிய கேள்விக்குப் பதிலே இல்லை.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். தூளின் தரத்துக்கும் சான்றிதழுக்கும் அது. குறைத்த இரண்டும் லேபிளுக்காக. மூட்டுத் தேய்மான வலி இருந்து, வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துவராமல், வேறு மருந்து எதுவும் எடுக்காதவராக இருந்தால் இரண்டு மூன்று மாதம் எடுத்துப் பார்க்கலாம். பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். தொடங்கும் முன்னும் இடையிலும் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, காரணமில்லாத அரிப்பு, பசியின்மை ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்க்கவேண்டும். அடுத்த அச்சில் நிறுவனம் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்ற சொற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரத்த உறைவுத் தடுப்பு மருந்து, வலிப்பு மருந்து, பித்தப்பைக் கல், கல்லீரல் ஆகிய நான்கையும் பற்றி ஒரு எச்சரிக்கை வரியை அதே பெரிய எழுத்தில் சேர்த்தால், குறைத்த மதிப்பெண்ணைத் திருத்தி எழுதத் தயாராக இருக்கிறேன்.